நோகாத பல்

ஒன்பதாவது செவ்வாயும் மர்ழியாவுக்குப் பல் நோவு வந்தது. கல்முனைப் பல் டொக்டரின் கதிரைக்கு எதிரே மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்க அவளுக்கு வேறு வழியில்லை. வலைத் துண்டை அலையாகவும், மருந்துக் குளிசை அட்டைகளை மீனாகவும், பழைய சாரியைக் கரையாகவும் ஒட்டிச் செய்த கடல் அது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டில் அவள் தன் கடலை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"சுறாவுக்கும் இவ்வளவு பல்லு வருத்தம் வராது புள்ள," என்றார் கணவர் நசுறுதீன், வெளியே வாங்குப் பலகையில் இருந்தபடி.

"என்ட கடலுக்கு வானம் மட்டுந்தான் ஒட்ட மிச்சம். வாயப் பொத்திட்டு இரிங்க."

அடுத்த ஊர் பாண்டிருப்பு வரைக்கும் கேட்கும்படி முனகிக்கொண்டே அவள் உள்ளே போய்க் கதிரையில் சாய்ந்தாள்.

டொக்டர் பஸ்மினா பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். "ஒம்பது தரம் வந்தும் நோவு போகல்ல மாமி. இண்டைக்குப் புடுங்கிருவம்."

முனகல் சட்டென்று நின்றது. "வேணாம் மகள். பல்லு நோகல்ல. அந்தப் படத்தப் பாக்கத்தான் வந்தன். இனி வராதீங்க எண்டு மட்டும் சொல்லிராதீங்க."

"முதல் நாளே தெரியும்." டொக்டர் குறட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப என்னத்துக்கு ஒவ்வொரு செவ்வாயும் வரச் சொன்னீங்க?"

"இந்தக் கதிரையில சாஞ்சா எல்லாரும் கண்ண மூடிக்குவாங்க மாமி. நீங்க மட்டுந்தான் நான் ஒட்டின படத்தப் பாத்தீங்க."

மர்ழியா நிமிர்ந்து படத்தை இன்னொரு தரம் பார்த்தாள்.

"நீங்க வெளியில கதைச்சது கேட்டிச்சு. அடுத்த செவ்வாய் உங்கட கடலையும் கொண்டு வாங்க," என்றார் டொக்டர். "நான் இதில சாஞ்சிருந்து பாக்கணும்."