பறப்பதற்கு எருமையின் அனுமதி

கரும்புக்காட்டில் இரண்டு யானைகள் சண்டை போட்டன. ஒரு எலியின் குட்டிகள் அங்கே வளைக்குள் மாட்டிக்கொண்டன. எலியை முதுகில் ஏற்றிப் பறக்க வாத்து தயார். ஆனால் பறக்க அனுமதி தருவது எருமை. ஏன் எருமை என்று என்னைக் கேட்காதீர்கள்.

"அங்கேருந்து யாராவது வந்து, ஆபத்து இல்லைன்னு சொல்லட்டும். தர்றேன்," என்றது எருமை, அசைபோட்டபடி.

"ஐயா, வர வழியில்லாமத்தானே பறக்கக் கேக்குறோம்," என்றது வாத்து.

"அதான் சொல்றேன். யாராவது வரட்டும். பயணிகள் பாதுகாப்பு முக்கியம்."

எலி வாத்தின் முதுகிலிருந்து குதித்தது.

"எங்கம்மா போற?" என்றது எருமை.

"நடந்து போறேன். யானைக் காலுக்கு நடுவுல."

"நடக்கறது என் இலாகா இல்லம்மா. போயிட்டு வா."