வாசலில் நின்ற காளி

தசரா மேளம் தெருமுனையில் கேட்டதும் மகாராஜன் சட்டைக் கையை விரல் வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வெளியே சாய்வெயில். உள்ளே இருட்டு. சன்னல்களில் எல்லாம் போர்வை.

உணவுக்குழாயில் புற்றுக்கட்டி. ஆஸ்பத்திரியில் நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, தொண்டை வழியாக விளக்குக் குழலை இறக்கி, வெளிச்சத்தாலேயே கட்டியைக் கருக்கினார்கள். மிச்சம் மீதியை உடம்பே தேடிக் கொல்லும்படி எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடும் ஊசி அடுத்த வாரம்.

அந்த மருந்து உடம்பை விட்டு இறங்கும்வரை வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். வெந்தால் ஊசி தள்ளிப்போகும். கட்டி அதுவரை சும்மா இருக்காது.

உப்பளம் வைத்துப் பிழைத்தவருக்கு இது நல்ல கேலிதான். ஆயுசெல்லாம் வெயில் வேண்டும் வெயில் வேண்டும் என்று சாமி கும்பிட்ட மனுஷன்.

பகலிலும் பூட்டிக் கிடக்கும் கதவைப் பார்த்து, ஒட்டுவாரொட்டி நோய் என்று தெரு முடிவுகட்டிவிட்டது. ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. நோயைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பேச ஆளில்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை.

முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டியவர்களுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. எந்த வாசலிலும் நின்று காணிக்கை கேட்பார்கள்.

கதவு தட்டப்பட்டது.

ஒரு முகத்தைப் பார்க்கும் ஆசையில் கதவை அகலத் திறக்கப் போனார். வெளியிலிருந்து ஒரு கை அதைப் பிடித்து நிறுத்தியது.

“முழுசாத் தொறக்காதிய. வெயிலு மேல விழும்.”

இடுக்கில் காளி. முகமெல்லாம் கருநீலச் சாயம், சடைமுடி, பெரிய அட்டைக் கிரீடம். வெயிலுக்கு முதுகு காட்டி, இடுக்கை அடைத்துக்கொண்டு நின்றது.

வெயில் விஷயம் தெருவில் யாருக்கும் தெரியாது. சொந்தத்தில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள் என்று டாக்டர் வற்புறுத்தியதால் ஒரே ஒருவனிடம் போனில் சொல்லியிருந்தார். தம்பி வன்னியபெருமாளிடம். அப்பா செத்த வீட்டில் சண்டை போட்டுப் பிரிந்தவன். கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டான்.

மகாராஜனுக்குத் தம்பியின் பெயர் நாக்கு வரை வந்துவிட்டது.

ஆனால் வேஷம் கட்டியிருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் காளி தம்பியாகிவிடும். தம்பியானால் போய்விடுவான்.

காணிக்கையை நீட்டினார். சாய விரல்கள் அவர் நெற்றியில் குங்குமம் வைத்தன.

“நல்லாருக்கியா, தாயே?”

காளியிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. காளி தலையை மட்டும் ஆட்டியது. சாயம் கண்ணோரம் கரைந்து இறங்கியது.

மேளம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. கதவைச் சாத்தினால்தான், வெயிலை மறைத்து நிற்கும் காளி அந்த இடத்தைவிட்டு அசையும்.

மகாராஜன் சாத்தவில்லை.