பலகையின் குறுக்கே ஒரு கோடு

உளியால் வெட்டுப்படுகிறவள் ஒருத்தி. கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்ச் சுவரில் உட்காருகிறவள் இன்னொருத்தி. யார் யார், சொல்லுங்கள் பார்ப்போம்.

ஓவியக்கூடத்தில் இருந்த, படம் செதுக்கிய அச்சுப் பலகையும், அதில் மை தடவி எடுத்த கடைசித் தாளும்தான்.

"அச்சடித்தாயிற்று. இனி வழக்கப்படி உன் முகத்தின் குறுக்கே கீறிவிடுவார்கள்" என்றது தாள். "இல்லாவிட்டால் என்னைப் போல் இன்னும் பலர் வருவார்கள். அப்புறம் என்னை யார் மதிப்பார்கள்?"

பலகை கொதித்தது. "வெட்டுப்பட்டவள் நான். நீ ஒரு நிமிடம் என் மேல் படுத்து எழுந்தாய், அவ்வளவுதான். உன்னிடம் இருப்பது என் முகம், அதுவும் இடம் வலம் மாறி."

"கத்தாதேடி. அதுதான் விதி."

"உன் மதிப்புக்காக என்னைக் கொல்வதற்குப் பெயர் விதியா?"

ஓவியர் வந்து மகள் இளவெயினியிடம் உளியைக் கொடுத்தார். "குறுக்கே ஒரு கோடு இழும்மா" என்றார்.

இளவெயினி உளியைக் கீழே வைத்தாள். பலகையில் மறுபடியும் மை தடவினாள்.