நாலாவது மாடிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி

"உங்க மேல ஒரு புகார் வந்திருக்கும்மா."

நாலு மாடி ஏறி வந்த உதவித் திட்ட ஆய்வாளருக்கு மூச்சு வாங்கியது. கையில் ஒரு மொட்டைக் கடுதாசி. எழுதிய மகராசனுக்குப் பெயர் போடத்தான் தைரியமில்லை. மாடி, வீட்டு எண், கதவின் நிறம் வரை மற்றதெல்லாம் புட்டுப் புட்டு வைத்திருந்தார்.

தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"என்ன புகார் சார்?"

"உங்க பொண்ணு பேர்ல நாங்க குடுக்கற பாலும் முட்டையும் வேற யாருக்கோ போகுதாம்."

இல்லவே இல்லை என்று அடித்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தார். இருபது வருஷமாக எல்லோரும் அப்படித்தான்.

"ஆமா சார், போகுது. நீங்களே பாருங்க."

தரையில் மூன்று வயதுப் பெண் குழந்தைகள் இரண்டு பேர். ஆளுக்குப் பாதி முட்டை.

"நீங்க யாரு? ஏன் இப்படி மூச்சு விடறீங்க? பையில என்ன?" என்றது ஒன்று.

"இது என் வாயாடி சார். ரெண்டு வயசு வரைக்கும் அம்மான்னு கூடச் சொல்லல. நான் ரெண்டு ஷிப்ட் ஓடிட்டு இருந்தேன், இவகிட்ட யார் பேசுவா? உங்க உதவி வந்த பிறகுதான் ஷிப்டை விட்டுட்டு வீட்லயே மெஷின் போட்டேன். வயித்துக்குப் பால், காதுக்குப் பேச்சு. இப்ப வாயை மூடுன்னு கெஞ்ச வேண்டியிருக்கு. உங்க ஆபீஸை நினைக்காத நாள் இல்ல சார்."

ஆய்வாளருக்கு மனசு குளிர்ந்துபோனது. அவர் வேலைக்கு யாரும் நன்றி சொல்லி அவர் கேட்டதில்லை. இருந்தாலும் விதி விதிதானே.

"அந்தக் குழந்தை?"

"எதிர் வீடு. அவ அம்மா லாண்டரியில ரெண்டு ஷிப்ட். இப்ப ஒரு மாசமாத்தான் பகல்ல இங்க இருக்கா."

"உன் பேரென்ன பாப்பா?"

பதில் இல்லை. சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். குழந்தை பார்த்தது, கை நீட்டவில்லை.

"அவ பேச மாட்டா. அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்" என்றது வாயாடி.

"இவ அம்மா ஏன் விண்ணப்பம் போடல?"

"போட்டு பதினாலு மாசம் ஆச்சு சார். நேர்ல வந்து பார்த்தாதான் தருவோம்னாங்க. யாரும் வரல."

தன் மேஜையில் அந்த விண்ணப்பக் கட்டு எந்த மூலையில் கிடக்கிறது என்று ஆய்வாளருக்குத் தெரியும்.

"நான் பார்த்ததை அப்படியே எழுதினா உங்களுக்கு வர்றது நின்னுடும். தெரியுமா?"

"தெரியும் சார்."

புகார்ப் படிவத்தைப் பைக்குள் தள்ளிவிட்டு வேறொரு படிவத்தை எடுத்தார். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து எதிர் வீட்டுக் குழந்தையின் வயது, உயரம், எடை எல்லாம் எழுதினார். பேசும் சொற்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி அடியில் ஒரு கோடும் போட்டார்.

"அடுத்த மாசத்துலேருந்து இவளுக்கும் தனியா வரும். நான் பொறுப்பு. அப்புறம் பங்கு போடற பேச்சே இல்ல, புகாரும் இல்ல."

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருப்பீங்க சார்."

எழுந்த ஆய்வாளருக்குக் கடுதாசியைப் பார்த்ததும் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"இதை எழுதின ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும். குழந்தை திங்கற அரை முட்டையில போய்க் கண் வைக்கறான் பாருங்க."

"திட்டாதீங்க சார்." தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "விண்ணப்பத்துக்கு வராதவங்க, புகார்னா மூணே நாள்ல வருவாங்கன்னு சொன்னாங்க. அதான் நானே எழுதிப் போட்டேன்."