சத்தமில்லாத கார்

ஆதம்லெவ்வை சேரைப் போல ஒரு கஞ்சனைக் கல்முனை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்பது மெக்கானிக் கச்சிமுகம்மதுவின் முடிவு.

மனுஷன் ஒரு பள்ளிக்கூடத்தின் அதிபர். ஓட்டுவதோ ஒரு பழைய இங்கிலீஷ் கார். கடல்காற்று அதன் அடிப்பாகத்தைத் தின்று தீர்த்திருந்தது. சில்லுகளைத் தாங்குகிற இரும்புச் சட்டத்துக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் இருக்கும் றப்பர் புஷ் எல்லாம் எப்போதோ செத்துவிட்டன. கார் புறப்பட்டால் ஒரு தகரக் கடையே இடம் மாறிப் போவது போலச் சத்தம் கேட்கும்.

“சேர், புஷ்ஷ மாத்துவமே” என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டான்.

“ஓடுதுதானே?” என்பார் சேர்.

“ஓடுது. ரோட்டில படுத்திருக்கிற மாடும் எழும்பி ஓடுது.”

“அப்ப மாட்டுக்கும் நல்லந்தானே, தம்பி.”

இப்படிப்பட்டவரிடம் என்ன கதைக்கிறது?

அந்த மாசம் சேர் ஒரு கூட்டத்துக்காகக் கொழும்புக்குப் போனார். போகும்போது, பிரேக்கை மட்டும் பார்க்கச் சொல்லிக் காரைக் கராஜில் விட்டுப் போனார். கச்சிமுகம்மது காருக்கு அடியில் புகுந்து, சட்டத்தைப் பிடித்திருந்த ஒரு போல்ட்டில் ஸ்பானரை வைத்தான். போல்ட்டின் தலை கையோடு வந்தது.

“இவ்வளவு நாளும் இந்த மனுஷன வானத்து மலக்குமார்தான் தூக்கிட்டுப் போயிருக்காங்க” என்றான், கேட்க ஆளில்லாமல்.

அதற்கு மேல் உத்தரவுக்குக் காத்திருக்க அவனால் முடியவில்லை. துருப்பிடித்த போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்தான். அசையாததை வாளால் அறுத்தான். பழைய புஷ்களை நெருப்புக் காட்டி எரித்து எடுத்தான். துருவைச் சுரண்டி பெயின்ற் பூசி, கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து எடுப்பித்த புதுப் புஷ்களைச் சவர்க்காரத் தண்ணீர் தடவி இறுக்கினான். இரண்டு நாள் வேலை. கடற்கரை வீதியில் ஓட்டிப் பார்த்தபோது கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று அவனுக்கே தெரியவில்லை.

கராஜுக்குப் பின்னால்தான் வீடு. பின்னேரம் பொஞ்சாதி சுஹறாவிடம் பெருமையாகச் சொன்னான். சுஹறா அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள்.

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ஆரக் கேட்டுச் செஞ்சீங்க?”

“ஏன் புள்ள?”

“பத்து மணிக்கு சேர் கல்விக் கந்தோருக்குப் போவாரு. அந்த நேரந்தான் நான் பக்கத்தில உம்மாட ஊட்ட ஓடிப் போய் நம்மட புள்ளைக்குப் பால் குடுக்கிற. அவரு திரும்பி வாற கார்ச் சத்தம் சந்தியில கேட்டா வேலிக்கால பூந்து வகுப்புக்கு வந்திருவன். காரைதீவு இராசதுரை மாஸ்டரும் அந்தச் சத்தத்துக்குத்தான் கண் முழிக்கிறவரு. எங்கட பள்ளிக்கூடமே அந்தச் சத்தத்திலதான் நடக்குது.”

பழையதைத் திருப்பிப் போடவும் வழியில்லை. அது நெருப்போடு போய்விட்டது.

மறுநாள் காலையில் சேர் வந்து காரை ஸ்டார்ட் பண்ணினார். கொஞ்சத் தூரம் ஓட்டினார். முகம் கறுத்துவிட்டது.

“ஆரு மாத்தச் சொன்ன?”

“போல்ட் கையோட வந்திட்டு சேர். உங்கட உசிரு...”

சேர் ஸலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். நன்றி கெட்ட கஞ்சன் என்று கச்சிமுகம்மது முடிவைத் திருத்திக்கொண்டான்.

பள்ளிக்கூடம் விட்டு சுஹறா அழுதுகொண்டு வந்தாள்.

“ஒரு கால் வேலிக்கு அங்கால, ஒரு கால் இங்கால. நிமிந்து பாத்தா கார் நிக்குது.”

“சேர் என்ன சொன்னாரு?”

“ஒண்டும் சொல்லல்ல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. மறுகா இராசதுரை மாஸ்டர்ர வகுப்பு வாசல்ல போய் நிண்டாரு. மாஸ்டர் குறட்டை. புள்ளயள் சிரிக்குதுகள். அதோட குத்தம் எழுதுற லொக் புத்தகத்தக் கொண்டுவரச் சொல்லிட்டாரு. அதில எழுதினா தூரத்துக்கு மாத்திருவாங்க. மாஸ்டருக்கு பொத்துவில், எனக்கு மகாஓயா. கைப்புள்ளயோட நான் எங்க போற?”

பின்னேரம் கச்சிமுகம்மது நிமிர்ந்தபோது கராஜ் வாசலில் கார் நின்றது. வந்த சத்தமே கேட்கவில்லை. சேர் இறங்கினார்.

“தம்பி, புஷ் மாத்தினது மாத்தினதாக் கிடக்கட்டும். ஆனா கார் பழையபடி சத்தம் போடணும்.”

“சேர்?”

“எங்கயாவது ஒண்ட இளக்கி உடு.”

கச்சிமுகம்மது துணிந்து கேட்டான். “லொக் புத்தகத்தில எழுதிட்டீங்களா சேர்?”

“எழுதத்தான் எடுத்தன். பேனையில மை இல்ல.”

அவருடைய சட்டைப் பையில் மூன்று பேனைகள் இருந்தன.

“நாளைக்கும் கண்ணில பட்டா எழுதத்தான் வேணும். கண்டிட்டு எழுதாம இரிக்க ஏலா.”

“அப்ப சந்தியில ஹோன் அடிச்சாப் போதுமே சேர்.”

“ஹோன் அடிச்சா, வேணுமெண்டு அடிக்கிறன் எண்டு தெரிஞ்சிரும். மறுகா அவங்க என்ர முகத்தப் பாக்கிறதெப்படி?”

கச்சிமுகம்மது காருக்கு அடியில் புகுந்தான். நல்ல நட்டு ஒன்றைத் தெரிந்தே இளக்கியது அவன் தொழிலில் அதுதான் முதல் தடவை. சேர் ஏறி ஸ்டார்ட் பண்ண, சைலன்சர் குழாய் கடகடவென்று ஆடத் தொடங்கியது. வீட்டு வாசல் திரைக்குப் பின்னால் சுஹறா மூக்கை உறிஞ்சுவது நின்றுபோனது.

சேர் கண்ணை மூடிக் கேட்டார். “இன்னும் கொஞ்சம்.”

“இதுவே நல்லாக் கேக்கும் சேர்.”

“காணாது தம்பி. இத வாங்கக்குள்ள மூணு கார் ஓட்டிப் பாத்தன். மத்த ரெண்டும் நல்ல கார். இது ஒண்டுதான் சந்தியில வாறது பள்ளிக்கூடத்துக்குக் கேட்டிச்சு.”