மூன்றாம் வார்டின் ஓட்டு

வட கரோலினாவின் சிறு நகரமொன்றில், மன்றக் கூடத்து ஜன்னல்களில் மழை வழிந்துகொண்டிருக்கிறது. வார்டுக்கொரு கவுன்சிலர் என்ற பழைய சாசனத்தை மாற்றி, எல்லாக் கவுன்சிலர்களையும் ஊர் முழுக்கச் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் புதிய சாசனத்துக்கு இன்று வாக்கெடுப்பு. ஆற்றோரத்து மூன்றாம் வார்டு மக்களில் ரூஃபஸ் ஸ்பைட் மட்டும் வந்திருக்கிறார். கால்சட்டையில் சேறு காய்ந்து வெளுத்திருக்கிறது. மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறார். "போன புயல்ல வெர்லீன்தான் படகு அனுப்புனா. இனிமே தண்ணி வந்தா யார கூப்புடுறது?" மன்றத் தலைவர் புன்னகைக்கிறார். "எல்லாருமே உங்க கவுன்சிலர்தான் சார்." "அப்ப எல்லாரையுமா எழுப்புறது?" பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். மூன்றாம் வார்டின் கவுன்சிலர் வெர்லீன் மோய் சிரிக்கவில்லை. புதிய சாசனத்தை ஆதரித்தால் வெள்ளநீர் இறைக்கும் பம்பு அவள் வார்டுக்குத்தான் முதலில் என்று தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். நேற்று ரூஃபஸிடமும் அதைச் சொல்லிவிட்டாள். மற்ற ஓட்டுகள் சரிபாதியாகப் பிரிந்து நிற்க, கடைசியாக அவள் பெயர் அழைக்கப்படுகிறது. கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டே, "சம்மதம்" என்கிறாள். தலைவரின் சுத்தியல் மேசையில் விழுகிறது; புதிய சாசனம் நிறைவேறிவிட்டது. மைக்கின் சிவப்பு விளக்கு அணைகிறது. ரூஃபஸ் நகரவில்லை. "பம்பு எப்ப வருதாம், வெர்லீன்?" என்கிறார். அவள் தலைவரின் பக்கம் சாய்ந்து அதையே கேட்கிறாள். அவர் குரலைத் தாழ்த்துகிறார். "அதெல்லாம் அடுத்து வர்ற மன்றம் பாத்துக்கும்மா." கூடத்தின் நடுவில் ரூஃபஸ் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.