சுக்கானின் பின்னங்கால்

நாயின் பின்னங்காலில் ரீத்தா துணிக்கட்டை இறுக்கினாள். அது முனகிக்கொண்டே அவள் கையை நக்கியது. "பொறுத்துக்க மக்கா," என்று அதன் காதில் சொன்னாள்.

கட்டிலில் கிடந்த கணவன் சிலுவைமுத்து சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏட்டி, நொண்டுறது கொறஞ்சிருக்கா?"

"கொறையுது. முடியும் மொளச்சாச்சு. தொடையில சதை பிடிக்கணும், அதாக்கும் பாக்கி."

"அப்ப எனக்கும் பிடிக்கும்," என்று அவன் உத்திரத்தில் கட்டிய கயிற்றைப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பழகத் தொடங்கினான்.

ரீத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்விட்டாள். அந்த நாயின் காலில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கட்டுக்குள் அவள் வைத்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டு உறுத்தித்தான் அது நொண்டியது.

இனயம் கரையில் அலை வள்ளத்தைப் புரட்டிப் போட்ட அன்று, சிலுவைமுத்துவுக்கு இடுப்பு ஒடிந்தது. அவன் கூடவே கடலுக்குப் போகும் நாய் சுக்கானுக்குப் பின்னங்கால் நசுங்கியது. அவன் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே சுக்கான் செத்துவிட்டது. மருந்தைக்கூடத் துப்பிக்கொண்டு கிடந்தவன் முதலில் வாய் திறந்து கேட்டது நாயைத்தான். பிழைத்துவிட்டது என்று ரீத்தாவின் பாழாய்ப்போன வாய் சொல்லிவிட்டது.

"அப்ப அவன் நடந்தா நானும் நடப்பேன்," என்றான்.

அதற்குமேல் பேச்சை மாற்ற முடியுமா? அவள் தம்பி லிஜோ அருமனை ரப்பர் தோட்டத்திலிருந்து அதே செவலை நிறத்தில் ஒரு நாயைக் கொண்டுவந்தான். ரீத்தா அதன் தொடையை மழித்துக் கட்டுப் போட்டாள். முடி வளர வளரக் கட்டைச் சிறிதாக்கினாள், சிரட்டையையும். வாயில்லாச் சீவனை வதைக்கிறோமே என்று மாதா படத்தின் முன் அழுதாள். கட்டிலில் கிடந்தவனைவிட அவள்தான் அசைய முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அதற்குச் சாளை மீன் தலையைப் போட்டாள். கடற்கரை நாயென்றால் முள்ளோடு விழுங்கும். ரப்பர் தோட்டத்து நாய் மோந்துபார்த்துப் பின்வாங்கியது.

"என்னட்டி, சாளையத் திங்க மாட்டேங்குது?"

"மருந்து தின்ன வாயாக்கும். ருசி கெட்டுப்போச்சு."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டு அது திரும்பாமல் போனால் என்ன செய்வது என்பது அவளுக்கு இன்னும் பெரிய பயம். முன்பெல்லாம் நாள் முழுக்க "சுக்கானே, சுக்கானே" என்று உயிரை வாங்குவான். இப்போதெல்லாம் "ஏலே" என்பதோடு சரி. மாதாதான் காப்பாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் கட்டை அடியோடு அவிழ்த்துவிட்டாள். நாய் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. உள்ளே, சில நாளாக அவன் பிடித்து நடக்கப் பழகிய வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

வாசலுக்கு வந்த சிலுவைமுத்து வாக்கரைச் சுவரில் சாய்த்துவைத்தான். எதையும் பிடிக்காமல் முற்றத்தில் இறங்கி நின்றான். ரீத்தாவுக்கு அழுகை வந்தது. இனி இந்த நாயை வதைக்க வேண்டாம், இதையே சுக்கானாக வைத்து ஓட்டிவிடலாம் என்று மனசு லேசானது.

நாய் ஓடிவந்து அவன் காலில் உரசியது. அவன் அதன் தலையைத் தடவிக்கொடுத்தான். பிறகு ரீத்தாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"வாட்டி. சுக்கான எங்க பொதச்சன்னு காட்டு."